ஐநூற்று ஒரு வெள்ளிக்குப் போன மஞ்சள் காசு

கோலா சிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் யுவனேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே கையும் காலும் ஒழுங்காக வேலை செய்யச் சுகமாக இருக்கிறேன். அங்கே பெர்த்தில் நீயும் மருமகள் ஷர்மினியும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். சுகம் விசாரித்தாயிற்று, இனிமேல் இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தையை அதிகம் எதிர்பார்க்காதே. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா மீட்டிங் இருக்கு என்பாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும், அதனால் உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். போன மாதம் லேலோங் ஏலத்தில் என்னுடைய பழைய ஒரு வெள்ளிக் காசை, அந்த ஒரு ரிங்கிட் நாணயத்தை, ஐநூற்று ஒரு வெள்ளிக்கு எடுத்த மகராசன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீதான். இல்லை என்று சொல்ல வாயைத் திறக்காதே, சாட்சியோடுதான் எழுதுகிறேன். அன்றைக்குச் சாயங்காலமே போன் போட்டு, பாத்தியாம்மா ஒனக்கு யோகம் அடிச்சிருக்கு என்று எவ்வளவு அழகாக நடித்தாய். நானும் அதை நம்பி, காது குளிரக் கேட்டுவிட்டு, மறுநாள் பாசிர் பெனம்பாங்கில் இறால் உரிக்கப் போன இடத்தில் எல்லாரிடமும் என் யோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். என்னை அப்படி ஆக்கிவிட்டாயே என்றுதான் முதலில் கோபம் வந்தது, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

உன் பணத்தை நான் ஏன் வாங்குவதில்லை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன், ஷர்மினியும் படிக்கட்டும். அப்பாவின் கருமாதி முடிந்து நீ விமானம் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. முதல் தெவசத்துக்கு உன் தங்கச்சி பிரமிளாவின் கைப்பேசித் திரையில் நின்று கும்பிட்டாய். அடுத்த தெவசத்துக்கு அதுவும் இல்லை, ஓவர்டைம் என்றாய். அன்றைக்குத்தான் சொன்னேன், உன் கால் இந்த வாசலை மிதிக்கிறவரை உன் பணம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று. நீ கேட்காமல் அனுப்பினாய், நான் பேங்கில் வரிசையில் நின்று திருப்பி அனுப்பினேன், அதற்கு அவர்கள் பிடித்த கமிஷனையும் நானே கட்டினேன். பெர்த் என்ன சந்திரனிலா இருக்கிறது? ஐந்தரை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் வந்துவிடலாம். பெருநாள் நெரிசலில் பிரமிளா பினாங்கில் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகிறது, அவள் போகாமலா இருக்கிறாள்?

இதற்கிடையில் சமையலறைத் தகரம் ஓட்டையாகிவிட்டது. மழை பெய்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைக்கவேண்டும். நீ பணம் தருகிறேன் என்றாய், பிரமிளா தருகிறேன் என்றாள், அவளுக்கு ராவாங் வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது அவளிடம் எப்படி வாங்குவேன். என் தகரத்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, அப்பாவின் மைலோ டின்னை இறக்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், செம்பனைக் குலை லோரி ஓட்டிவிட்டு வந்து சில்லறையை அதில்தானே போடுவார். மஞ்சள் நிறத்தில் ஒரு வெள்ளிக் காசு முன்பு புழங்கினதே, அது செல்லாது என்று அரசாங்கம் சொன்னபோது எல்லாரும் பேங்கில் கொடுத்து மாற்றினார்கள், அவர் மட்டும், நேத்து வரைக்கும் செல்லுன காசு இன்னைக்கு எப்படி செல்லாம போவும் என்று வீம்பு பிடித்து மாற்றாமலே வைத்துவிட்டார். அந்த வீம்பு யாருக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தஞ்சோங் காராங்கில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் மகேந்திரன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபேஸ்புக்கில் நேரலையாகப் பழைய காசு, பழைய நோட்டு லேலோங் விடுகிறான் என்று கேள்விப்பட்டு, டின்னில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, உங்கள் இரண்டு பேரிடமும் போனில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சும்மா கொண்டுபோகவில்லை. விற்கப்போகிற பொருளை அழுக்கோடு கொண்டுபோவார்களா? குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து, கழுவி, விபூதி போட்டு ஒரு தேய் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கித்தான் கொண்டுபோனேன். மகேந்திரன் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். ஐயோ ஆண்ட்டி, புளி போட்டீங்களா, போச்சு லா, காசு சேக்கறவங்க கழுவுன காசத் தொடவே மாட்டாங்க, அந்தப் பழைய கறைக்குத்தான் மதிப்பே என்றான். கறைக்கு எவனாவது காசு கொடுப்பானா, நீ போடு என்றேன். இது ஊரெல்லாம் கிடக்கிற காசு, ஆறு வெள்ளி போனால் அதிகம் என்று சொல்லிவிட்டு, ஐந்து வெள்ளியில் ஆரம்பித்தான்.

நான் அவன் கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காசு சேர்க்கிற சீனர் ஒருவர், இது கழுவின காசு என்று மலாயில் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். ஆறு வெள்ளியில் நிற்கப்போகிறது என்று நான் எழுந்திருக்கும்போது யாரோ ஒருவர் பதினொன்று என்று போட்டார். இன்னொருவர் இருபத்தொன்று என்றார். முப்பத்தொன்று, ஐம்பத்தொன்று, நூற்றொன்று. எழுந்தவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மகேந்திரன் தொண்டை கிழியக் கத்துகிறான், இடையில் ஒருமுறை, இது என்னா லேலோங்கா, கல்யாண வீட்டு மொய்யா என்று கேட்டுச் சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை. ஒருவர் நானூற்று ஐம்பத்தொன்றோடு நின்றுவிட்டார், மற்றவர் ஐநூற்றொன்றில் எடுத்தார். இரண்டு நாளில் பணம் வந்தது, மகேந்திரன் முதல் தடவை என்று கமிஷன்கூட எடுக்கவில்லை. எடுத்தவர் பிறகு வந்து காசை வாங்கிக்கொள்வாராம் என்றதால் நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐநூறு கொடுத்த மனுஷனுக்கு இன்னும் பளபளப்பாகக் கொடுப்போம் என்று இன்னொரு தடவை புளி போட்டுத் தேய்த்தேன். சிரிக்காதே.

அந்தப் பணத்தில் இருநூறு வெள்ளிக்குப் புதுத் தகரம் போட்டேன். முதல் மழை பெய்தபோது வேண்டுமென்றே சமையலறையில் போய் நின்றுகொண்டிருந்தேன், ஒரு சொட்டு விழவில்லை. யார் கையையும் பார்க்காமல் போட்ட தகரம் என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பெருமையைத்தான் நீ கெடுத்தாய். அதோடு விட்டாயா, அடுத்த வீட்டையும் கெடுத்தாய். மகேந்திரனின் லேலோங்கில் விலை நின்ற இடத்தை யாரோ படம் பிடித்துத் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மஞ்சள் ஒரு வெள்ளி ஐநூறு வெள்ளி என்று ஊரே கிளம்பிவிட்டது. எல்லார் வீட்டிலும் அலமாரி, டின், உண்டியல் எல்லாம் கவிழ்ந்தது, மளிகைக்கடையில் புளி தீர்ந்துபோனது என்று கேலியாகப் பேசிக்கொண்டார்கள். நம் அடுத்த வீட்டுச் சின்னம்மா சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் போய், யாரிடமோ ஒரு காசு முப்பது வெள்ளி என்று பத்துக் காசு வாங்கிவந்தாள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். ஒவ்வொன்றும் ஐநூறு என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, மகளுக்கு ஒரு சங்கிலி எடுக்கலாம் என்று இருந்தவள். அடுத்த ஞாயிறு லேலோங்கில் அவள் காசு ஆறு வெள்ளிக்கு மேல் ஏறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒங்க காசு மட்டும் என்னா தங்கமா என்று என்னைக் கேட்டுவிட்டு அழுதாள். அவள் வீட்டுக்காரர் போட்ட சத்தம் நம் வீடுவரை கேட்டது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

எனக்கும் அந்தக் கேள்விதான் குடைந்தது, என் காசு மட்டும் என்ன தங்கமா. விடாமல் மகேந்திரனிடம் போய்க் கேட்டேன். அவன் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னான், ஆண்ட்டி, காசுக்கு வெலையே இல்ல லா, ரெண்டு பேரு முட்டிக்கிட்டா வெலை ஏறும், ஒருத்தன் எறங்கிட்டா நின்னுடும், அவ்ளோதான். படத்தில் பளபளவென்று இருந்தால் தெரியாதவர்கள் புழங்காத காசு என்று நினைத்துக்கொள்வார்களாம். கடைசி நிமிஷம் ஓடும்போது, இவ்வளவு கேட்டாயிற்று இன்னும் பத்துப் போட்டால் என்ன என்று கை தானாகப் போகுமாம், இத்தனை பேர் பார்க்கத் தோற்பது வேறு ரோஷமாம். சில இடத்தில் விற்கிறவனே வேறு பெயரில் வந்து ஏற்றிவிடுவானாம், நான் சாமி சத்தியமா அப்படி செய்யமாட்டேன் என்று தலையில் அடித்துச் சொன்னான். அப்படி ஒரு நாள் ஒருவன் கொடுத்த கிறுக்கு விலையைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்ப, அடுத்தவனெல்லாம் தன் வீட்டு டின்னில் இருப்பதற்கும் அதுதான் விலை என்று நம்பிவிடுகிறான். அரிதான காசு என்று எழுதிவைத்து ஆயிரம் கேட்கிறவன் ஆயிரம் பேர் இருக்கிறான், வாங்கினவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. சின்னம்மா மாட்டிக்கொண்டது இதில்தான். கடைசியாகத்தான் அவன் சொன்னான், மத்தவங்க எல்லாம் பத்து இருவதுன்னு ஏத்துவாங்க, அந்த ரெண்டு பேருதான் ஒவ்வொரு தடவையும் ஒத்த வெள்ளி சேத்து ஏத்துனாங்க, நான் இத்தன வருஷத்துல பாத்ததில்ல என்று.

அங்கேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மொய் எழுதுகிற மேசையில் உங்கள் அப்பா எப்போதும் என்ன சொல்வார்? சைபர்ல முடிச்சா ஒறவு அதோட முடிஞ்சிரும், ஒரு வெள்ளி சேத்து வச்சா தொடரும் என்பார். தீபாவளிக்கு உங்கள் இரண்டு பேருக்கும் அவர் கொடுத்ததுகூடப் பதினொரு வெள்ளிதானே, பத்தாகக் கொடுத்ததே இல்லை. பெயரை மாற்றிக்கொண்டாய், படத்தில் ஏதோ புலித்தலை வைத்துக்கொண்டாய், கை மாறவில்லையே மகனே. லேலோங்கில் போய் மொய் எழுதினது இந்த உலகத்திலேயே நீங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். அன்றைக்கே பிரமிளாவுக்குப் போன் போட்டேன். எதையும் கேட்கவில்லை, நானூத்தி அம்பத்தொன்னோட ஏண்டி நிறுத்துன என்று மட்டும் கேட்டேன். அவள் அழுதே விட்டாள். அதுக்கு மேல எங்கிட்ட இல்லம்மா, எவனோ ஒரு பைத்தியக்காரன் விடவே மாட்டேன்னுட்டான் என்றாள். அந்தப் பைத்தியக்காரன் அவள் அண்ணன் என்று அவளுக்கும் தெரியாது, எதிரில் நின்று ஏற்றுகிறது தங்கச்சி என்று உனக்கும் தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் அம்மாவுக்குக் கொடுக்கிறோம் என்று ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் யோகத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தேகத்துக்கு மிச்சம் இருந்ததை அகிலன் வந்து தீர்த்துவைத்தான். உன்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்து, பாதிநாள் நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, ராவாங் தொழிற்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். ஆண்ட்டி, ஒரு பிரண்டு லேலோங்ல எடுத்த காசு, ஒங்ககிட்ட வாங்கிக்க சொன்னாங்க என்றான். உள்ளே வா என்று இழுத்துவந்து சோற்றைப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிடவிட்டு, அந்தப் பிரண்டு பெர்த்துலயா இருக்கான் என்று கேட்டேன். பாவம், ரசம் புரையேறிவிட்டது. பணம் அனுப்பினது, அவன் கணக்கிலிருந்து கட்டினது எல்லாம் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, அவனுக்குப் பொய் சொல்ல வராது, நீதான் ஆள் பார்த்து அனுப்பத் தெரியாமல் அனுப்பிவிட்டாய். காசைக் கொடுங்க ஆண்ட்டி, நான் தபால்ல அனுப்பிடறேன் என்றான். முடியாது, வாங்குனவன வரச் சொல்லு என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள். பணத்தை உனக்குத் திருப்பி அனுப்பமாட்டேன். நீ கேட்டாய், நீ ஏற்றினாய், நீ கட்டினாய், வியாபாரம் வியாபாரம்தான், தகரத்தைப் பிரித்துக் கொடுக்கமுடியாது. மிச்சத்தில் முந்நூறை எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சும்மா கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள், அவளும் என்னை மாதிரிதான். அதனால் அவளுடைய பத்துக் காசையும் அவள் வாங்கின விலைக்கே வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்குகிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன், கேட்டுவிட்டு எனக்குக் காப்பி போடப் போனாள். போன ஞாயிற்றுக்கிழமை மகேந்திரனின் நேரலையில் நானே போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் காசு ஆறு வெள்ளி, என் காசை ஐநூறுக்கு ஏற்றினது என் பிள்ளைகள் இரண்டு பேரும், தெரியாமல் மோதிக்கொண்டார்கள், யாரும் அதைப் பார்த்து ஏமாந்து பணத்தைப் போடாதீர்கள் என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த மலாயிலும் சொன்னேன். யாரோ ஒருவர், பிள்ளை ஏன் பணத்தை நேராகக் கொடுக்கவில்லை என்று எழுதிக் கேட்டார். அதையும் சொன்னேன். நீ மூன்று வருஷமாக வரவில்லை என்பது இப்போது கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரைக்கும் தெரியும். அவமானமாக இருக்கிறதா? இருக்கட்டும். எனக்கும் மூன்று வருஷமாக, மகன் எப்ப வாறான் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அவமானமாகத்தான் இருந்தது.

உன்மேல் பாசம் இல்லாமல் இப்படி எழுதவில்லை. உனக்குக் கொடுக்க மனசு இருக்கிறது, அது எனக்குத் தெரியும், விஷயம் தெரிந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது என்று பிரமிளா சொன்னால் நம்பாதே, கொஞ்சம்தான் வந்தது. ஆனால் கொடுத்துவிட்டால் வந்தமாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறாயே, அதற்குத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், செத்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அங்கே வந்து என்னோடு இரு என்று நீ கூப்பிடுவதற்கும் இதே பதில்தான். எனக்கு இறால் உரிக்கிற கை இருக்கிறது, ஒழுகாத தகரம் இருக்கிறது, பேச வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா இருக்கிறாள். முழங்கால் மட்டும் படியேறும்போது கொஞ்சம் மக்கர் செய்கிறது, எண்ணெய் போட்டால் சரியாகிவிடுகிறது. மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து இந்த வருஷம் மாங்காயில் பாதியைத் தின்றுவிட்டன, மீதியை ஊறுகாய் போட்டு உனக்கு ஒரு பாட்டில் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். அதையும் தபாலில் அனுப்பமாட்டேன். பாப்பாவுக்கு இருமல் என்றாயே, பனிக்காற்றில் தலையை மூடாமல் வெளியே விடாதே. ஷர்மினியை அவள் அம்மாவுக்கு வாரம் ஒரு முறையாவது போன் செய்யச் சொல், அந்த அம்மா கோயிலில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம்தான் விசாரிக்கிறாள்.

நீ எடுத்த காசு அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது, சின்னம்மாவின் பத்துக் காசும் உன் கணக்கில் அதோடு சேர்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக வந்து அள்ளிக்கொள். பதினாலு நாளில் எடுக்காத பொருளை மறுபடி லேலோங் விடுவது மகேந்திரனின் சட்டம். நான் அவ்வளவு கறார் இல்லை, தீபாவளி வரைக்கும் பொறுப்பேன். அதற்கும் வரவில்லை என்றால் ஆறு வெள்ளிக்குப் பிரமிளாவிடம் கொடுத்துவிடுவேன், அவளுக்கு ராவாங்கிலிருந்து வர வழி தெரியும்.

நீயும் மருமகளும் பாப்பாவும் நீண்ட ஆயுளோடு, குறையாத உடம்போடு, ஒற்றுமையாக இருக்கவேண்டும், உங்கள் அப்பா மேலே இருந்து பார்த்துக்கொள்வார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ கொடுத்ததில் இருநூறு தகரத்துக்குப் போனது, முந்நூறு சின்னம்மாவுக்குப் போனது, ஐநூறும் தீர்ந்தது. அந்த ஒற்றை வெள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ வருகிறவரை அதை நான் செலவழிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தைத் தவிர தபாலில் எதையும் அனுப்பாத உன் அம்மா,
அன்பரசி அர்ஜுனன்.